பதினொரு வலைக்கொடிகள்

எனக்கு அநியாயம் செய்தவர் எங்கள் ஊர்க் கிராம அதிகாரி, விதானையார் சோமசேகரம்.

அன்றைக்கு மந்திரி மயிலிட்டிக்கு வருகிறார். சனம் கறுப்புக்கொடி காட்டும் என்று பொலிசுக்குப் பயம். முதல்நாள் இரவே, கொடி வைத்திருப்பவன் பெயரைச் சொல் என்று விதானையாரை நெருக்கினார்கள். மனிதர் என் பெயரைச் சொல்லிவிட்டார்!

விடிந்ததும் ஜீப் கடற்கரையில் நான் வலை வைக்கும் வாடிக்கு வந்தது. உள்ளே பதினொரு கறுப்புக்கொடி, நீளத் தடிகளில்.

"உது என்ன?" என்றார் சார்ஜன்.

"வலைக்கொடி ஐயா. கடலிலை வலை கிடக்கிற இடம் தெரியிறதுக்கு மிதப்பிலை கட்டுறது."

"ஏன் கறுப்பு?"

"வெள்ளையெண்டால் நுரைக்குள்ளை தெரியாது."

"அப்ப சிவப்பைக் கட்டன்."

"கட்டினால் கொம்யூனிஸ்ட் எண்டு பிடிப்பியள்."

பின்னால் நின்ற பொலிஸ்காரன் சிரித்துவிட்டான். அவ்வளவுதான், சார்ஜனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏறு ஜீப்பிலை!"

அவசரகாலச் சட்டம். உள்ளே போனால் எப்போது வெளியே வருவேனோ தெரியாது. கட்டியிருந்த கிழிந்த சாரத்தோடேயே ஏறினேன். சாட்சிக்கென்று கொடிகளையும் ஏற்றினார்கள். திறந்த ஜீப்பில் தடிகளைப் படுக்க வைக்க இடமில்லை.

"நிமித்தி வைச்சு இறுக்கிப் பிடி. ஒண்டும் விழப்படாது!"

பிடித்தேன்.

பாதி வழியில் எதிரே மந்திரியின் கார். றோட்டின் இரண்டு பக்கமும் சனம். நடுவில் பொலிஸ் ஜீப். அதில் பதினொரு கறுப்புக்கொடி படபடக்க நான்!

சனம் விசிலடித்தது.

"விடு, கொடியை விடு!" என்று சார்ஜன் கத்தினார்.

"விட்டால் மந்திரிக்கு மேலை விழும் ஐயா!"

கார் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

ஸ்டேசனில் இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். "கொடியைப் பிடிக்கச் சொன்னது ஆர்?"

சார்ஜனைக் காட்டினேன். பின்னேரமே என்னை விட்டுவிட்டார்கள்.

நேரே விதானையார் வீட்டுக்குப் போனேன்.

"ஏன் காணும் என்னைக் காட்டிக் குடுத்தனீர்?"

"நாகலிங்கண்ணை, ஊரிலை முப்பது பெடியள் கொடியோடை நிண்டவங்கள். ஒருத்தன்ரை பேரைச் சொன்னாலும் எலும்பை முறிச்சிருப்பாங்கள். உங்கடை கொடி தொழில் கொடி. உங்களை எத்தினை நாள் வைச்சிருக்கேலும்?"

"சரி, ஜீப் ஏன் மந்திரி வாற றோட்டாலை போனது?"

அவர் மெல்லச் சிரித்தார். "அதுதான் கிட்டின பாதை எண்டு சார்ஜனுக்குச் சொன்னதும் நான்தான்."

முதலே எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்தக் கிழிந்த சாரத்தை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு போயிருப்பேன். அதற்கு அந்த மனிதர் இன்றைக்கு வரைக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை.