யார் கையெழுத்து?

"இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க மெரிடித், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று காகிதத்தை மேசையில் நகர்த்தினார் பில்டர் கிளைவ்.

மெரிடித் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் அவள் கட்டப்போகும் வீட்டைக் கட்டடம் எழ எழச் சோதித்து, விதிப்படி இருக்கிறது என்று சான்று தரப்போகிறவரை நியமிக்கும் படிவம். பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

"யாரு இந்த பாரி?"

"தங்கமான மனுஷன். அவர் இருந்தா ஒரு வேலையும் நிக்காது."

"உங்ககூட மீன் பிடிக்க வர்றவரா?"

கிளைவ் டீயை உறிஞ்சினார். "எப்பவாவது."

மெரிடித் அந்தப் பெயரை அடித்தாள். "சட்டப்படி சான்றாளரை வீட்டுக்காரிதான் நியமிக்கணும், கட்டுறவர் இல்ல. போன வீட்டுல வேற பில்டர் நீட்டுன இடத்துல கையெழுத்துப் போட்டேன். ரெண்டாவது மழைக்கே சமையலறையில ஒழுக ஆரம்பிச்சுது. பாதி விலைக்கு வித்தேன். அறுபத்தி மூணு வயசாச்சு, இன்னொரு வீடு கட்ட எனக்குத் தெம்பில்ல. சொல்லுங்க, இந்த ஊர்ல உங்களை ரொம்பப் படுத்துன சான்றாளர் யாரு?"

"அது எதுக்கு இப்போ?"

"பேரைச் சொல்லுங்க."

"ரோஸ்லின் டார்பி. ஆனா அவ வேண்டாம். ஒரே பாத்ரூம் தரையை மூணு தடவை உடைக்க வெச்சா. வாட்டம் சரியில்லையாம். வாளி வாளியா தண்ணிய ஊத்திட்டு, பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பாக்கறா. ஞாயித்துக்கிழமைகூட ரசமட்டமும் கையுமா நிப்பா."

"பயமா?"

"பயம்தான். அதுல எனக்கென்ன வெக்கம்?"

"அப்ப அவங்கதான்."

"வர மாட்டா. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, நீங்களே கேட்டுக்கங்க" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார் கிளைவ்.

அவருடைய வண்டி தெரு திரும்பியதும் மெரிடித் ரோஸ்லினை அழைத்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, மறுமுனையில் ஒரு சிரிப்பு கேட்டது.

"கிளைவ் அப்படியா சொன்னார்? வேலை தெரிஞ்ச ஆளுதான் மெரிடித். என்ன, பக்கத்துல யாராவது முறைச்சுக்கிட்டு நிக்கணும். எமிலி நோக்ஸ்னு ஒருத்தி இருக்கா, என்னைவிடக் கறார். அவளைப் போடுங்க."

"நீங்களே வாங்களேன். எனக்கு நீங்கதான் வேணும்."

"ஆசைதான். ஆனா, என் அதட்டலெல்லாம் எங்க வீட்டு பாத்ரூமோட சரி. புருஷன் கட்டுற வீட்டுக்குப் பொண்டாட்டி சான்று குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே!"