விருந்தாளி உரிமம்

இதனால் இம்மலைநகரின் சகல குடிமக்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஒரு வீட்டில் குடியிருப்பவர் யார், விருந்தாளி யார் என்று மனித நாகரிகம் தோன்றிய நாள்முதல் தீராமல் கிடந்த கேள்விக்கு நகராட்சி விடை கண்டுவிட்டது. வீட்டு வேலை செய்பவர் குடியிருப்பவர். செய்யாதவர் விருந்தாளி.

மாடி அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடும் அமல்ராஜ், உரிமத்தைப் புதுப்பிக்க வந்த அதிகாரியைச் சிரித்தபடி வரவேற்றார். அதிகாரி நேராகப் போய், சமையலறைச் சுவரிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்த நகராட்சிக் கருவியின் பதிவைப் படித்தார்.

"குடியிருக்கிறது உங்க மனைவி ஜெசிந்தா மேடம் மட்டும். விருந்தாளிங்க, மாடியில ரெண்டு பேரு, கீழ நீங்க."

"சார், இது எங்கப்பா கட்டின வீடு."

"இருக்கட்டும் சார். மூணு வருஷமா நீங்க ஒரு டம்ளர்கூட கழுவலையே."

 யோசிக்க யோசிக்க அமல்ராஜுக்கு இது மோசமாகப் படவில்லை. விருந்தாளிக்கு வேளாவேளைக்குக் காபியும் துவைத்த துண்டும் தந்தே ஆகவேண்டும் என்பது விதி. இத்தனை நாள் கெஞ்சி வாங்கியது இனிச் சட்டப்படி வரும். நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ஜெசி, விருந்தாளிக்கு ஒரு காபி."

காபி வந்தது. கூடவே அவருடைய துணிமணிகளை அடுக்கிய பையும் வந்தது.

"குடிச்சிட்டுக் கிளம்புங்க. விருந்தாளிங்க பதினோரு மணிக்குக் காலி பண்ணணும். உங்க ரூமுக்குத் திருச்சியிலருந்து ஒரு குடும்பம் வருது."

பத்து ஐம்பதுக்கு அமல்ராஜ் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.