ஒரு இலை கூடுதல்

பாலித் தீவைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், தோட்டத்தில் காய் பறித்து, பால், முட்டைகூடச் சேர்க்காமல் சமைக்கும் வகுப்புக்கு மகள் கோமதி ஆவுடையப்பனை இழுத்துவந்திருந்தாள். "பயத்தங்கா பறிக்கவா பிளேன் ஏறி வந்தோம்?" என்று முனகிக்கொண்டே அவர் பறித்தார். சமைத்து முடித்தும், சொல்லித்தந்த கெதுட் அம்மாள் யாரையும் சாப்பிட விடவில்லை. வாழையிலைத் துண்டுகளில் துளிச் சோறும் உப்பும் வைத்து அடுப்புக்கும் அம்மிக்கும் கிணற்றுக்கும் படைத்தாள்.

"பாத்தீங்களாப்பா? அம்மா போயி எட்டு மாசமாச்சு. காக்காய்க்கு ஒரு வாய் வச்சீங்களா?"

"செத்தவளுக்கு எதுக்குட்டி சோறு? போயி சோலியப் பாரு."

கெதுட் இன்னொரு இலையை அவருக்குப் பக்கத்தில், ஆளில்லாத இடத்தில் வைத்தாள். உப்பை எடுத்தவள், அந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, உப்பைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டாள். கோமதி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். பதிலைக் கேட்டதும் அப்பா பக்கம் திரும்பினாள்.

"அங்க உக்காந்திருக்கவங்க உப்பு வேண்டாம்னு சொல்லுதாங்களாம்ப்பா."

கிட்னி கெட்டு, கடைசி ஆறு வருஷமும் அவர் மனைவி செண்பகம் உப்பில்லாமல்தான் தின்றாள்.

"நீ அவகிட்ட உளறினியா?"

"இல்லப்பா."

ஆவுடையப்பன் நீட்டியிருந்த காலை மடக்கி, அந்த இலைக்கு இடம்விட்டு, பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.