இன்னொரு சுற்று

"அம்மாகிட்டப் போகணும்" என்று அந்த நாலு வயதுச் சிறுமி துணிக்கடை வாசலில் தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாகிட்ட இப்பப் போக முடியாது. வாயை மூடிட்டு வா." அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். தள்ளுவண்டியில் இருந்த இரண்டு வயதுப் பொடியன், விஷயம் என்னவென்றே தெரியாமல் அவளோடு சேர்ந்து ஒப்பாரி வைத்தான்.

போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு பெண்மணி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அதற்குள் மாலின் செக்யூரிட்டிக்காரர் விறுவிறுவென்று வந்துவிட்டார்.

"யார் தம்பி இந்தக் குழந்தைங்க?" என்று நம்ம ஊர்த் தமிழில் கேட்டார். கடல் தாண்டி வந்தாலும் நம் ஆளிடம்தான் மாட்ட வேண்டும் என்று இருக்கிறது, என்ன செய்ய?

"என் பிள்ளைங்கதான் அண்ணே. பாப்பா, நான் யாருன்னு சொல்லு."

"அப்பா" என்றாள் அவள், வேண்டாவெறுப்பாக.

"நானும் தினமும் பாக்குறேன் தம்பி. காலையில வர்றீங்க, சுத்துறீங்க, ஒண்ணும் வாங்க மாட்டேங்கிறீங்க. பிள்ளைங்க அழுதாலும் வீட்டுக்குப் போக மாட்டேங்கிறீங்க. வீட்டுல ஏதாவது தகராறா?"

அவனுக்குப் பேச்சு பொத்துக்கொண்டு வந்தது. ஊர் விட்டு வந்து மூன்று மாதமாக, அவனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

"தகராறெல்லாம் இல்லண்ணே. என் வீட்டுக்காரி நர்ஸ். ராத்திரி டியூட்டி, பகல்லதான் தூங்கணும். இருக்கறது ஒரே ரூம். இதுங்க ரெண்டும் இருந்தா அது வீடா, சந்தைக்கடை. அதான் வந்து இறங்கினதுலேர்ந்து நான் இதுங்களைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துடறேன். இந்தக் குளிர்ல வேற எங்க போறது?"

"நீங்க வேலைக்குப் போகலையா?"

"அவ விசாவுல ஒட்டிக்கிட்டு வந்தவன் நான். எனக்கு இங்க வேலை பாக்க அனுமதி கிடையாது. அவ வேலை போச்சுன்னா நாங்க நாலு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்." அவன் குரலைத் தாழ்த்தினான். "போன மாசம் வார்டுல உட்கார்ந்தபடியே தூங்கிட்டா. கூப்பிட்டு எச்சரிச்சுட்டாங்க. அதுவரைக்கும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவோம். இப்ப சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கமே போறதில்ல. அப்படியும் இந்த வாரம் மறுபடி தூங்கிட்டா. இன்னொரு தடவை தூங்கினா வேலை காலின்னு சொல்லிட்டாங்க."

"பாவம். உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அசதி. நாங்க வந்த ஃப்ளைட்ல இதுங்க போட்ட கூச்சல்ல முன் சீட்டுக்காரர் இடம் மாறிப் போயிட்டார். அவ பாட்டுக்குக் குறட்டை விட்டுத் தூங்கினா. அவ்வளவு அசதி."

"தங்கமான புருஷன் தம்பி நீங்க" என்று தோளில் தட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

தங்கமான புருஷனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மால் என்றால் சந்தோஷமாகப் பொழுது போக்குகிற இடம் என்று எவன் சொன்னானோ, அவனுக்குப் பிள்ளைகள் இருந்திருக்காது. எந்தக் கடைப் பொம்மைக்கு எந்தக் கிழமை சட்டை மாற்றுவார்கள் என்பதுவரை இவனுக்கு அத்துபடி.

ஒன்றுக்குத் தாகம். தண்ணீர் கொடுத்தால் இன்னொன்றுக்கு அவசரம். கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், போய்ச் சேருவதற்குள் காரியம் முடிந்துவிடும். பொம்மைக் கடையைத் தாண்டும்போதெல்லாம் இரண்டும் தரையில் புரளும். பெற்ற பிள்ளைகளைப் பார்த்தே அவனுக்கு எரிச்சல் வந்தது. வந்ததே என்று தன் மீதும் எரிச்சல் வந்தது.

"இன்னொரு சுத்துதான் பாப்பா. போயிடலாம்" என்று லிஃப்டுக்குள் வண்டியைத் தள்ளினான். அவன் தடுப்பதற்குள் அவள் எட்டி மேல்மாடிப் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

மேல்மாடியில் குழந்தைகளுக்கான விளையாட்டுக்கூடம். அவன் இதுவரை அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. கதவு திறந்ததும் காது கிழிந்தது. ஒரு பக்கம் பொம்மைக் கார்களின் ஹாரன், இன்னொரு பக்கம் முரசு அடிக்கிற விளையாட்டு, நடுவில் யாருடைய பிறந்தநாளுக்கோ வந்த ஒரு பட்டாளமே கத்திக்கொண்டிருந்தது.

"அம்மா" என்று பொடியன் விரலை நீட்டினான்.

"எந்தப் பொம்பளையப் பார்த்தாலும் உனக்கு அம்மாதான்" என்று வண்டியைத் திருப்பப் போனவன் அப்படியே நின்றான். பெற்றோருக்கான நாற்காலி வரிசையில், முரசு மெஷினை ஒட்டி ஒருத்தி சால்வையைப் போர்த்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் மனைவிதான்.

கோபம் தலைக்கு ஏறியது அவனுக்கு. தோளைப் பிடித்து உலுக்கினான்.

"நீ வீட்டுல தூங்கணும்னு நான் இங்க கால் தேய நடக்கறேன். இதுங்க என் உயிரை வாங்குது. நீ என்னடான்னா ஊர் சுத்த வந்துட்டியா? வேலை போனா என்ன கதின்னு நினைச்சுப் பாத்தியா?"

"கத்தாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் அவள், கண்ணைக் கசக்கிக்கொண்டு. "தூங்கத்தான் வந்தேன். இன்னிக்குத்தான் முதல் தடவை. வேற வழி தெரியலை."

"வீட்டுல கட்டில் இல்ல?"

"கட்டில் இருக்கு." பொடியனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் இத்தனை நாளா வாயைத் திறக்கலை. எனக்காக இதுங்களைத் தினமும் இழுத்துக்கிட்டு வர்றீங்க..."

"என்ன சொல்லலை? விஷயத்தைச் சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சத்தம் இல்லைன்னா எனக்குத் தூக்கமே வராதுங்க."