விக்கலுக்கு வாசித்த சில்வண்டு

ஒரு சில்வண்டு பன்னிரண்டு வருஷம் குயில் பாகவதருக்கு வயலின் வாசித்தது. குயில் பாடுவதை அப்படியே திருப்பி வாசிப்பதுதான் அதன் வேலை. ஒரு நாள் அலுத்துப்போய், குளத்துத் தவளைகளின் கோஷ்டியில் சேர்ந்தது. அவை தூறலில் ஜாஸ் வாசிக்கும். கொட்டும் மழையில் ராக்.

"போறதானா போம், ஓய்! நாளைக்கே உம்ம இடத்துல வேற வண்டு உட்காரும்" என்றது குயில்.

சொன்னபடியே உட்கார வைத்தது. ஆனாலும் தவளைகளோடு சில்வண்டின் முதல் கச்சேரியை வேடிக்கை பார்க்கக் குளக்கரைப் புளியமரத்துக்கு வந்துவிட்டது.

ராக் முழங்கிக்கொண்டிருந்தபோது தலைமைத் தவளை எல்லோரையும் நிறுத்திவிட்டுச் சில்வண்டின் பக்கம் திரும்பியது.

"அண்ணே, இப்ப நீங்க தனியா வாசிங்க!"

"நீங்க பாடுங்கோ, பின்னாடியே வரேன்."

"பாட்டே கிடையாதுண்ணே! தோணுறதை வாசிங்க!"

சில்வண்டுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. குயிலிடம் திரும்பிப் போகவும் இடமில்லை.

அப்போது டிரம் அடிக்கும் தவளைக்கு விக்கல் எடுத்தது. சில்வண்டு பழக்கதோஷத்தில் அதை அப்படியே வாசித்தது. குளமே ஆர்ப்பரித்தது. பதினேழு விக்கல், பதினேழு பதில்.

பதினெட்டாவதற்குள் யாரோ அந்தத் தவளைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள். விக்கல் நின்றது.

சில்வண்டு காத்திருந்து பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, யாருமே விக்காத ஒரு விக்கலைத் தானாகவே வாசித்தது.

புளியமரத்திலிருந்து யாரோ அதை அட்சரம் பிசகாமல் திருப்பிப் பாடினார்கள். குளமே அண்ணாந்து பார்த்தது.

குயில் அவசரமாக இறக்கையால் வாயைப் பொத்திக்கொண்டது.

"எனக்கு நிஜமாவே விக்கல், ஓய்!"