உள்ளங்கைச் சீனி

அரங்கத்தில் அழுதுகொண்டிருந்தார்கள்.

புஷ்பராணி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தாள்.

மேடையில் அவள் கணவன் மெய்கண்டன், பரிசு வாங்கிய கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தான். ‘என் பாட்டியின் தேநீர்.’ பின்னால் பேனரில் யாரோ ஒரு கிழவி சிரித்தாள். இன்டர்நெட்டில் எடுத்த படம். தோளிலிருந்து நழுவும் சால்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று வீட்டிலேயே பென்சிலால் கோடு போட்டிருந்தான்.

கோடு வந்தது.

குரல் தழுதழுத்தது.

“விடிகாலைக் குளிரில் பாட்டி என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனி வைப்பாள். அதில் ஒரு முறை நாக்கு, தேநீரில் ஒரு மிடறு. சீனி தீர்ந்த நாட்களில் தன் வெறும் கையை நீட்டுவாள். நேற்றைய இனிப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும், பார் என்பாள். இருந்தது. இனித்தது.”

சீனி என்ற சொல்லைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. அவன் வீட்டில் அது சர்க்கரை.

முன்வரிசையில் அவன் அம்மா கண்ணைத் துடைத்தாள்.

மாயவரத்தில் அந்த அம்மாளின் மாமியார், அவனுடைய நிஜப் பாட்டி, காப்பி தவிர வேறெதையும் தொட்டதில்லை. பேரப்பிள்ளைகள் அவள் தம்ளரில் வாய் வைத்துவிட்டால், அதைப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். தேய்த்ததே இந்த அம்மாள்தான்.

இருந்தும் அழுதாள். நன்றாகவே அழுதாள்.

அந்தக் கை வேறொருத்தியுடையது.

கோத்தகிரிக்கு மேலே ஓர் எஸ்டேட். தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறை. இலங்கையிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு கப்பலேறி வந்த அம்மாயி, அம்மாவைப் பெற்றவள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரல்கள். வேலைக்குச் சங்கு ஊதுவதற்குள் குடித்து முடிக்க வேண்டிய, பால் காணாத தேத்தண்ணி.

ஏழு வயது புஷ்பராணி அந்த வெறும் கையில் நாக்கை வைத்தாள்.

புகையிலை. தேயிலைக் கறை. கசந்தது.

“இனிக்குதா புள்ள?”

“இனிக்குது அம்மாயி.”

கல்யாணமான முதல் மாதம், ஒரு மழை மத்தியானம், இதை அவனிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை. கேட்டுவிட்டு அவன் நெருங்கி உட்கார்ந்தான். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தாள்.

“லயம் கியம்னு எங்க அம்மா காதுல விழுந்துடப்போவுது. ஊட்டிப் பக்கம்னு மட்டும் சொல்லு. போதும்.”

இருபத்திரண்டு வருடம் அப்படியே சொன்னாள்.

அம்மாயி செத்த அன்று, தூரத்து உறவு என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அந்த ஒரு நாளுக்காக அவளுக்குத் தன்மேலும் அருவருப்பு உண்டு.

கைதட்டல் ஓய்ந்தது. விழாவை நடத்துகிறவர் மைக்கோடு படியிறங்கி அவளிடமே வந்தார்.

“இப்படி ஒரு பாட்டி! மேடம், நீங்க அவங்களப் பாத்திருக்கீங்களா?”

அவள் மைக்கை வாங்கிக்கொண்டு எழுந்து மேடையைப் பார்த்தாள். அவன் புன்னகை அப்படியே நின்றது.

“பாத்திருக்கேன். எங்க அம்மாயி அது. இவங்க பாட்டி இல்ல.”

மின்விசிறிச் சத்தம் கேட்டது.

அவன் மேடை மைக்கை இழுத்துக்கொண்டான். சிரித்தான்.

“கல்யாணத்துக்கு அப்பறம் உன் பாட்டி, என் பாட்டின்னு தனியா ஏதும்மா?”

முன்னைவிடப் பெரிய கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள். அவளுக்குப் பின்வரிசையில் ஒரு பெண் புருஷனின் தோளில் இடித்து, “பாருங்க, கத்துக்குங்க” என்றாள்.

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கோபப்பட எதிரே ஓர் ஆளாவது இருக்க வேண்டும்.

மத்தியானம் காரில் திருச்சிக்குத் திரும்பினார்கள். மாமியார் கோயம்புத்தூரில் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பின்சீட்டில் சால்வை கிடந்தது. பல்லடம் தாண்டும்வரை அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான்.

“தப்பா எடுத்துக்காத ராணி. அந்த எடத்துல வேற என்ன சொல்றது?”

அவள் வெளியே பார்த்தாள்.

“பதிப்பாளர் தனிப் புத்தகமாவே கேக்கறாரு. பாட்டியப் பத்தி மட்டும். ஒங்க அம்மாயி வேற என்னல்லாம் செய்வாங்க? சொல்லேன்.”

அம்மாயி என்ற சொல்லை அவன் வாயால் அன்றுதான் கேட்டாள்.

நிறைய இருந்தது.

கப்பலிலிருந்து இறங்கியதும் தங்கவைத்த முகாமில் செத்துப்போன மகளின் பெயரைச் சொல்லி இவளைக் கூப்பிடுவது. அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிவிட்டு, ஊதுகிற சாக்கில் அழுவது. கடைசியாகப் பார்க்கப் போனபோது பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்த தேத்தண்ணியை, போதும் என்று தலையசைத்து இவள் பக்கம் தள்ளியது.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

ஒவ்வொன்றாக உள்ளே வைத்துக்கொண்டாள்.

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி தேயிலைப் பூ பறிச்சுட்டு வரும்” என்றாள். “தேத்தண்ணியில மெதக்க விட்டுத் தரும்.”

வண்டி சாலையோரமாக நின்றது.

கொழுந்தெடுக்கும் செடியை யாரும் பூக்க விடுவதில்லை. தப்பித்தவறிப் பூத்தாலும் வெள்ளைதான். லயத்தில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

அவன் டைரியை எடுத்துத் தொடைமேல் விரித்தான். பேனா மூடியைப் பல்லால் கழற்றினான். அவன் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

“அடடா. பூ என்ன கலரு?”

அவனை முழுதாகத் திரும்பிப் பார்த்தாள்.

“நீலம். நல்ல நீலம். எழுதிக்குங்க.”