ஒரு ஆள் குறையுது

"தரையில படுக்கறதெல்லாம் நமக்கு ஆவாது மாமு. இப்பதான் கண்ணாலம் ஆச்சு. என்ன வுட்ரு."

கும்பிடு போட்டுவிட்டு நகரப் பார்த்த நண்பன் பிராங்கிளினின் சட்டையை எழிலன் எட்டிப் பிடித்தான்.

"நேத்து வரைக்கும் சரி சரின்னு தலைய ஆட்டிக்கினு இருந்தியேடா! உன்ன நம்பித்தானே அந்த ஐட்டத்தையே வெச்சேன்?"

"நேத்து வண்டிய பாக்கலியே! இன்னிக்கி பாத்துட்டேன்." பிராங்கிளின் சட்டையை விடுவித்துக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்துபோனான்.

திருவொற்றியூரில், கன்டெய்னர் யார்டை ஒட்டிய காலி மைதானம். எழிலனின் மனைவி மகிழினி முதன்முறையாக ஊர் பார்க்க ட்ரையல்ஸ் பைக் ஓட்டிக் காட்டப்போகிறாள். சீட்டே இல்லாத வண்டி அது. நின்றபடியே கல், கட்டை, டயர் எல்லாவற்றின் மேலும் ஏறி இறங்க வேண்டும்; கால் தரையில் படக் கூடாது. கடைசி ஐட்டமாக, தரையில் படுத்திருக்கும் ஒருவரை வண்டியோடு எம்பித் தாண்ட வேண்டும்.

படுக்கத்தான் ஆள் இல்லை.

காலையிலிருந்து எதுதான் உருப்படியாக நடந்தது? மைக் கரகரவென்று இருமியது. குட்டியானை வேனில் ஏற்றி வந்த பலகைகளில் ஒன்று நடுவில் பிளந்து கிடந்தது. டோல்கேட் வரைக்கும் ஒட்டிய போஸ்டரில் மகிழினியை 'மகிழன்' ஆக்கியிருந்தான் அச்சுக்காரன். இந்த மைதானத்துக்காக எத்தனை பேர் வாசலில் நின்றிருப்பான் எழிலன்! எல்லாம் இதற்குத்தானா?

ஆட்டம் தொடங்கியதும் கூட்டம் அதற்கு மேல் படுத்தியது.

"இன்னாமா, ஆமை மாரி போற? முறுக்கு, முறுக்கு!"

"இது ரேசு இல்லபா! பேலன்சு! மெதுவா போறதுதான் கஷ்டம்!" எழிலன் மைக்கில் கத்தினான். மைக் பாதியை விழுங்கிக்கொண்டது.

மகிழினி எதையும் காதில் வாங்கவில்லை. ஆள் உயர டயர் அடுக்கின் மேல் ஏறி, முன்சக்கரம் அந்தரத்தில் தொங்க, அசையாமல் நின்றாள். கத்தியவர்கள் மெல்ல வாயை மூடிக்கொண்டார்கள். இறங்கியபோது விசில் பறந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மோட்டார் கிளப் சௌக்கத் அலி மட்டும் கைதட்டவில்லை. எழிலனை அருகே கூப்பிட்டார்.

"நல்லாத்தான் ஓட்டுது தம்பி. ஆனா கட்டையத் தாண்டுறது வேற, ஆள் படுத்திருக்கறப்ப கை நடுங்காம தாண்டுறது வேற. அதப் பாத்துட்டுத்தான் எங்க டீமுல எடுக்கறதப் பத்திச் சொல்லுவேன்."

எழிலன் லாரி ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் ஓடினான். "என் லாரிய வேணா குறுக்க போடறேன், அத்த தாண்ட சொல்லு" என்றார் அவர். இன்னொருவன் வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகப் போனான், போனவன் போனவன்தான்.

"பொம்பள ஓட்டுற வண்டி. அடில எவன் படுப்பான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எழிலனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "எவன்டா அது? அவ மேல நம்பிக்கை இல்லாதவன்லாம் இன்னாத்துக்கு வந்தீங்க? இதுல இன்னா பயம்? தோ பாரு, இப்டி படுத்துக்கினா போதும். பூ மாரி தாண்டிடுவா!"

பலகைக்கு முன்னால் மல்லாக்கப் படுத்தே காட்டினான். தலைமாட்டில் மகிழினியின் வண்டி உறுமியது. எழிலன் சட்டென எழுந்து, முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு, மைக்கை எடுக்கப் போனான்.

"யாராவது ஒருத்தர் வாங்கபா! ஒரே ஒரு ஆளு!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிலோமி வந்தாள். கடலோரக் கல் கொட்டிய கரையில் இட்லிக்கடை போட்டிருப்பவள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேராகப் போய்ப் படுத்துவிட்டாள்.

"யக்கா, பயமா இல்லியா?" என்றது கூட்டம்.

"விடிகாலைலேந்து நின்னுகினே கீறேன். படுன்னு சொன்னா கசக்குமா? இந்தப் பொண்ணு டெய்லி அந்தக் கல்லு மேல வண்டி ஏத்தறத பாத்துகினுதான் இட்லி ஊத்தறேன். நீ வாம்மா!"

மகிழினி மெதுவாக வந்தாள். பிலோமியின் விலாவுக்கு அருகே வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தில் எழுப்பி, ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு எம்பினாள். பின்சக்கரம் அந்தப் பக்கத்து மண்ணில் இறங்கியபோது பிலோமியின் புடவை நுனிகூட அசையவில்லை.

கூட்டம் பொங்கி எழுந்தது. சௌக்கத் அலி நாற்காலியை விட்டு எழுந்து நின்று கைதட்டினார். "நாளைலேந்து கிளப்புக்கு வரச் சொல்லுங்க தம்பி!"

எழிலனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மைக்கைப் போட்டுவிட்டு மனைவியிடம் ஓடினான்.

"பாத்தியா மகிழு! எத்தினி பேர கெஞ்சினேன் தெரியுமா? ஒரு பய உன்ன நம்பலியே! எல்லாம் பயந்தாங்கொள்ளிங்க. இந்த ஊர்ல உன்ன நம்பினவன் நான் ஒருத்தன்தான்!"

மகிழினி ஹெல்மெட்டைக் கழற்றினாள். வியர்வை வழியும் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அப்ப நீ ஏன் மாமா படுக்கல?"